‘அலே’ என்னும் வினை: ஜான்சன் பிரித்ததும் பிரிக்காமல் விட்டதும்

வலியையும் கவலையையும் தணிப்பதற்கு ஆங்கிலத்தில் புழங்கும் வினைச்சொற்களில் பெரும்பாலானவை இரவல். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’ இரண்டும் லத்தீனிலிருந்து எடுத்தவை. ‘ரிலீவ்’, ‘அஸ்வேஜ்’ இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை. சொந்தச் சொற்கள் குறைவு. அந்தச் சிலவற்றில் ஒன்றாக எண்ணப்படுவது ‘அலே’. அப்படி எண்ணுவதற்கு அழுத்தமான அடித்தளம் போட்டவர் சாமுவேல் ஜான்சன்.

1755இல் வெளிவந்த தம் அகராதியில் ஜான்சன் இந்த வினைக்கு மூன்று பொருள் தருகிறார். ஓர் உலோகத்தோடு இன்னொன்றைக் கலத்தல் முதலாவது. ஒன்றைச் சேர்த்து மற்றொன்றின் வீரியத்தைக் குறைத்தல் இரண்டாவது. அமைதிப்படுத்துதல், அடக்குதல் மூன்றாவது. முதற்பொருளைப் பிரெஞ்சு ‘அலாய்’ குடும்பத்தோடு சேர்க்கும் அவர், மூன்றாவதில் நின்று யோசிக்கிறார்: இது பிரெஞ்சு அன்று, ஆங்கில ‘லே’க்கு முன் ஓர் ‘அ’ சேர்ந்தது என்பது அவர் கருத்து. சொற்பிறப்பியல் இன்னும் ஊகத்தையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில் இது அபாரமான கணிப்பு. ‘கீழே வைத்தல்’, ‘ஒழித்தல்’ என்று பொருள்படும் ‘ஆலெஜன்’ என்ற வினை பழைய ஆங்கிலத்தில் உண்மையாகவே இருக்கிறது.

ஆனால் ஜான்சன் பாதி வழியில் நின்றுவிட்டார். உலோகத்தை விலக்கிவிட்டால் எஞ்சுவது கலப்பில்லாத ஆங்கிலச் சொல் என்பது அவர் கணக்கு. அந்த மூன்றாம் பொருளுக்குள்ளேயே இன்னொரு கலப்பு இருக்கிறது.

அதைக் காட்டிக்கொடுப்பது ‘ய’கரம் இல்லாத ஒரு வடிவம். தமிழில் வா, வந்தான், வருகிறான் என்று ஒரே வினை உருமாறுவதுபோல, இடைக்கால ஆங்கிலத்திலும் இந்த வினைக்கு இரண்டு முகங்கள் இருந்தன. படர்க்கை ஒருமையிலும் இறந்தகாலத்திலும் ‘அலெய்’ என்றும், வினையின் மூலவடிவத்தில் ‘அலெஜ்’ என்றும் வழங்கியது. இன்றைய ‘அலே’ முதல் முகத்தின் வாரிசு. இரண்டாம் முகத்தைக் கவனிக்க வேண்டும். அதே ‘அலெஜ்’ வடிவத்தில்தான் ‘சுமையை லேசாக்கு’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதன் மூலம் லத்தீன் ‘அல்லெவியாரே’; ‘அலீவியேட்’டுக்கும் அதுவே மூலம். ஒரே ஒலி, ஏறக்குறைய ஒரே எழுத்து. ஒருவன் தன் வேதனையை ‘அலெஜ்’ செய்தான் என்று எழுதினால், அதை இறக்கிவைத்தானா, லேசாக்கினானா? வடிவத்தை மட்டும் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. கலப்பு எந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது என்று நாள் குறிக்க முடியாததும் இதனால்தான்.

பின்னாளில் சேர்ந்த இரட்டை ‘எல்’லையும் சான்றாகக் காட்டத் தோன்றும். ‘அ’வும் ‘லே’யும் மட்டுமே என்றால் ஒரு ‘எல்’ போதும். இரண்டாவது, லத்தீன் உறவு இருப்பதாக எழுதியவர்கள் நம்பியதன் அடையாளம். ஆனால் இந்தச் சான்றின் மீது அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. ‘அஃபோர்ட்’, ‘அஃப்ரைட்’ போன்ற சொந்தச் சொற்களும், அவற்றோடு மயங்கக்கூடிய லத்தீன் வினை இல்லாமலேயே, இதே மோகத்தில் எழுத்தை இரட்டித்துக்கொண்டன.

உறுதியான வாதம் பொருளில் இருக்கிறது. கீழே வைப்பது முழுச்செயல். வைத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘அலே’ செய்யப்பட்ட வலியோ மிச்சமிருக்கும், கூர்மை மட்டும் மழுங்கும். வலி அடங்கிவிட்டது என்பதும் வலி லேசாகியிருக்கிறது என்பதும் தமிழில் வேறுவேறு. அந்த ‘லேசாதல்’ ஆங்கில வேரிலிருந்து தானாக முளைத்தது என்பதைவிட, பக்கத்து வினையிலிருந்து ஊறியது என்பதே பொருந்துகிறது.

ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களில் இதைக் கண்ணெதிரே காணலாம். இரண்டும் முதன்முதலில் அச்சேறியது 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில். ‘கொரியொலேனஸ்’ நாடகத்தில் மெனீனியஸ், டைபர் நதியின் நீர் ஒரு சொட்டும் கலக்காத சூடான மதுவே தனக்குப் பிடிக்கும் என்கிறான். அங்கே ‘அலே’ நீர்க்கச் செய்வது. ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் தந்தை கடலில் மாண்டதாக நம்பி அழும் ஃபெர்டினாண்ட், அலைமேல் தவழ்ந்து வந்த இசை நீரின் சீற்றத்தையும் தன் துயரையும் சேர்த்தே தணித்தது என்கிறான். ஒரே வினைக்கு இரண்டு செயப்படுபொருள்கள். கடல் படுத்துவிடுகிறது; அதற்கு ‘லே’ போதும். துயரம் அப்படிப் படுத்துவிடவில்லை, ஏனெனில் அவன் தந்தையை நினைத்தபடியேதான் இசையின் பின்னால் நடக்கிறான். ஜான்சனின் மூன்றாம் பொருள் இந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது.

பின்னாளில் ஆக்ஸ்போர்டு அகராதியாக வளர்ந்த பணியின் முதல் பகுதியை ஜேம்ஸ் மர்ரே 1884இல் வெளியிட்டார். அதில் ‘அலே’வுக்குத் தலைமை வேராக இருப்பது ஆங்கில வினையே. ஆயினும் பிரெஞ்சு வினைகளோடு அது பின்னிப்போய், எந்த ஒரு வேருக்கும் முழுச்சொந்தமாகாத பொருள்கள் பிறந்ததை அவர் மறைக்கவில்லை. இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘அலே’ பெரும்பாலும் அச்சத்தோடும் சந்தேகத்தோடும் வருகிறது. வலியும் வறுமையும் ‘அலீவியேட்’டின் பங்குக்குப் போய்விட்டன.