யாழ்ப்பாணத் தேர்தல் பகிஷ்கரிப்பு, 1931

இலங்கை அரசாங்க சபையின் முதலாவது தேர்தலுக்கு நியமனப் பத்திரம் ஏற்கும் நாளாக 1931 மே 4ஆம் திகதி குறிக்கப்பட்டிருந்தது. அன்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவர்கூடப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய வாலிபர் காங்கிரஸ் என்ற அமைப்பு விடுத்த வேண்டுகோளின் விளைவு இது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

ஆண்ட பிரித்தானியாவோடு ஒரு குடியேற்ற நாடு முரண்பட்ட கதை என்றதும் பலருக்கு நினைவு வருவது வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள். 1765இன் முத்திரை வரி, 1773 டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனித் தேயிலை என்று அந்தப் பிணக்கு வளர்ந்தது. எங்களுக்குப் பிரதிநிதி இல்லாத பாராளுமன்றம் எங்கள்மேல் வரி போடலாகாது என்பதே அங்கே வழக்கு. யாழ்ப்பாணத்தில் வழக்கு தலைகீழாக இருந்தது. இங்கே பிரதிநிதித்துவம் வலிய வந்து கதவைத் தட்டியது. அதற்குள் ஆட்சியுரிமை போதாது என்று சொல்லி, வந்ததைத் திருப்பி அனுப்பினார்கள்.

அமெரிக்கர் வந்த வழி

இரண்டு கதைகளுக்கும் இடையே ஒரு நேரடி இழையும் உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினார்கள். பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812ஆம் ஆண்டுப் போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எட்வேர்ட் பார்ன்ஸ் அப்படியில்லை. 1820இல் அச்சுக்கலைஞர் ஜேம்ஸ் கறற் வந்து இறங்கியபோது நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். புதிதாக அமெரிக்கர் எவரும் வரவும் தடை விழுந்தது. அது நீங்க 1830கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த மிஷனரிமார் அரசியல் பேச வந்தவர்கள் அல்லர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் தொடங்கினார்கள். செமினரி மூடப்பட்ட பிறகு, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மிஷனரிமார் வந்து நூறாண்டுக்குப் பின் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த இளைஞர் அமைப்பு அந்தக் கல்லூரி வளவில் பிறந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

வாலிபர் காங்கிரஸ்

1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் இது தொடங்கியது. வாலிபர் காங்கிரஸ் என்பது பின்னர் நிலைத்த பெயர். மூல விசை மானிப்பாயில் பிறந்த ஹண்டி பேரின்பநாயகம் (1899–1977). யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரான இவர் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். ஒறேற்றர் சி. சுப்பிரமணியம், சட்டத்தரணி எஸ். நடேசன் ஆகியோர் முன்வரிசையில் நின்றவர்கள். முதலாவது மாநாடு 1924 டிசம்பரில் யாழ்ப்பாணம் றிட்ஜ்வே மண்டபத்தில் ஜே. வி. செல்லையா தலைமையில் கூடியது.

கதர் உடுத்துவது, மதுவிலக்கு, பாடசாலையில் தாய்மொழிக் கல்வி, தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிப்பது என்று இவர்களின் நிரல் நீளும். ஊருக்குள் கூடுதலாகக் கசந்தது சாதி பற்றிய நிலைப்பாடு. அக்காலத்துப் பல பள்ளிக்கூடங்களில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். ஒரே அறை, ஒரே பாடம், ஒரே வாத்தியார். வித்தியாசம் ஒன்றரை அடி உயரம். அந்த ஒன்றரை அடியை இல்லாமலாக்கும் சம ஆசனத்தைக் காங்கிரஸ் ஆதரித்தது. சமபந்தி போசனத்தையும் நடத்தியது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு பணித்தபோது குடாநாட்டில் சில பள்ளிக் கொட்டில்கள் தீக்கிரையாயின. வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பேசுவது சுகம், அயல் வீட்டுக்காரனுக்கு எதிராகப் பேசுவதுதான் வில்லங்கம் என்பதை இந்த இளைஞர்கள் நேரே கண்டவர்கள்.

தெற்கோடும் இந்தியாவோடும் தொடர்பு நெருக்கமாக இருந்தது. 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா யாழ்ப்பாணம் வந்து, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருந்தும் என்று பேசினார். முப்பது ஆண்டுக்குப் பின் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான். 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தி வந்தார். உடுவில், வட்டுக்கோட்டை உட்படப் பல இடங்களில் பேசி, கதர் நிதி திரட்டினார்.

டொனமூர் திட்டம்

காந்தி இலங்கையில் இருந்த அதே மாதத்தில்தான் டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழுவும் கொழும்பில் இறங்கியது. அதன் அறிக்கை 1928இல் வெளிவந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துத் தொகுதிவாரியாகத் தேர்தல் நடத்தச் சொன்னது. அதோடு சர்வசன வாக்குரிமையையும் பரிந்துரைத்தது. பெண்களுக்கு 30 வயது என்று முதலில் இருந்தது, பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்றாயிற்று. சொத்தும் படிப்பும் உள்ள இரண்டு லட்சம் பேரளவில் இருந்த வாக்காளர் தொகை ஒரே எட்டில் 15 லட்சத்தைத் தாண்டியது.

புதிய சபையில் 50 பேர் தெரிவானவர்கள், 8 பேர் நியமன உறுப்பினர்கள். ஏழு நிர்வாகக் குழுக்களின் தலைவர்கள் அமைச்சர்களாவர். ஆனால் நிதி, சட்டம், வெளிவிவகாரம், பாதுகாப்பு ஆகியவை பிரித்தானிய அரச உத்தியோகத்தர் மூவரிடமே இருந்தன. தேசாதிபதி நினைத்தால் சபையின் முடிவைத் தள்ளிவிடலாம். பழைய சட்டநிரூபண சபை 1929 டிசம்பரில் இந்தத் திட்டத்தை 19க்கு 17 என்ற மெல்லிய பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டது.

தமிழர் எதிர்ப்பு என்று இதை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் வழக்கம் உண்டு, அது பிழை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தவர். அதற்காக லண்டன் வரை போய் வந்து, 1930 நவம்பரில் காலமானார். வாலிபர் காங்கிரசுக்கு வாக்குரிமையோடு பகையில்லை. சுயராச்சியம் எங்கே என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

ஏப்ரலும் மேயும்

1931 ஏப்ரல் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய அழைக்கப்பட்டார். முந்திய ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர் அவர். டொனமூர் திட்டம் சுயராச்சியத்துக்குக் குறுக்கே நிற்பதால் அதைப் பகிஷ்கரிப்பது என்று மாநாடு தீர்மானித்தது. நியமன நாளுக்கு இரண்டு கிழமையும் இல்லை. காங்கிரஸ்காரர் போட்டியிட இருந்தவர்களின் வீட்டு வாசல்களை மிதித்தார்கள். பழைய சபை உறுப்பினர் வைத்திலிங்கம் துரைசுவாமி போன்ற மூத்தவர்கள் ஒத்துழைக்கவே மற்றவர்களுக்கும் ஒதுங்குவதைத் தவிர வழியிருக்கவில்லை. மூத்த அரசியல்வாதிகள் எல்லோரும் சுயராச்சிய ஆசையால்தான் ஒதுங்கினார்களா என்று கேட்கலாம். இனவாரி ஆசனங்கள் போன கோபமும் சிலருக்கு உள்ளே இருந்திருக்கும். அந்த இரண்டு நீரும் ஒரே வாய்க்காலில் ஓடியதால்தான் பகிஷ்கரிப்பு ஓட்டை விழாமல் நின்றது.

பகிஷ்கரிப்பின் முழுமை குடாநாட்டோடு சரி. வட மாகாணத்தின் ஐந்தாவது தொகுதியான மன்னார்–முல்லைத்தீவில் தேர்தல் நடந்தது, ஜீ. ஜீ. பொன்னம்பலம் அங்கே நின்று எஸ். எம். ஆனந்தனிடம் தோற்றார். தெற்கிலும் தேசியவாதிகள் பின்தொடர்வார்கள் என்று யாழ்ப்பாணம் நம்பியது. லண்டனில் இருந்த பிலிப் குணவர்த்தனா யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்று புகழ்ந்தார். பாராட்டு வந்தது, பகிஷ்கரிப்பு வரவில்லை.

பின்விளைவு

1931 ஜூலையில் அரசாங்க சபை கூடியபோது ஏழு அமைச்சர்களில் ஒரு மலையகத் தமிழரும் ஒரு முஸ்லிமும் இருந்தார்கள். இலங்கைத் தமிழர் இல்லை. மூன்று ஆண்டில் ஊரின் மனமும் மாறியது. 1934 இடைத்தேர்தல்களில் அ. மகாதேவா (யாழ்ப்பாணம்), சு. நடேசபிள்ளை (காங்கேசன்துறை), நெவின்ஸ் செல்வத்துரை (ஊர்காவற்றுறை), ஜீ. ஜீ. பொன்னம்பலம் (பருத்தித்துறை) ஆகியோர் சபை சென்றார்கள். 1936இல் ஊர்காவற்றுறைக்குத் தெரிவான துரைசுவாமி, தாம் அன்று பகிஷ்கரித்த அதே சபைக்குச் சபாநாயகராகி 1947 வரை அந்தக் கதிரையில் இருந்தார்.

பகிஷ்கரித்ததால்தான் தமிழர் கை நழுவியது என்ற குற்றச்சாட்டு இன்றும் கேட்கும். தனிச் சிங்கள அமைச்சரவை அமைந்தது 1936இல். அப்போது குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் நிரம்பியிருந்தன. எனவே அந்தக் கணக்கு முழுதாக ஒத்துவராது. வாலிபர் காங்கிரஸின் செல்வாக்குத் தேய்ந்தது மெய். 1930களின் நடுப்பகுதியிலிருந்து பொன்னம்பலத்தின் இனவாரி அரசியல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அதிகம் பேசப்படாத இழப்பு வேறு. அந்நாளைய தேர்தல் முறையில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. விரும்பியவரின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும், எழுத வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. 1931 ஜூனில் தீவின் மற்றப் பகுதிகளில் பெண்களும் கூலித் தொழிலாளரும் முதல் தடவையாக அந்தப் பெட்டிகளுக்கு முன் நின்றார்கள். குடாநாட்டில், பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருத்தப்பட்டவர்களின் பெற்றோருக்கும், எந்தச் சாதிப் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு 1934 வரை வரவில்லை. ஏப்ரல் தீர்மானத்தின்போது இவர்களிடம் எவரும் வாக்குக் கேட்டிருக்கவும் இல்லை.