மேயவிடாத மீனும் திரண்டு மேயும் மீனும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் டாங் எனப்படும் சர்ஜன் மீன்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: கூட்டமாக வாழும் சாதுக்கள், தனித்து வாழும் முரடர்கள். கன்விக்ட் டாங் முதல் வகையில் சேரும், பவுடர் புளூ டாங் இரண்டாவதில். கடைகளிலும் இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். இதை அப்படியே நம்பித் தொட்டி அமைக்கும்போது மீன்கள் துடுப்பு கிழிந்து, மூலையில் ஒடுங்கி, பட்டினியால் சாகின்றன. அதனால் இரண்டையும் முதலில் அவை வாழும் பாறைத்திட்டிலேயே பார்த்துவிடுவோம்.

இரண்டும் அக்காந்துரஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் மடங்கி விரியும் கூர்முள் உண்டு. கன்விக்டுக்கு அது மிகச் சிறியது. பவுடர் புளூவுக்கு எதிராளியின் தோலைக் கிழிக்கப் போதுமானது. உணவிலும் பெரிய வேறுபாடு இல்லை. பாறையில் படர்ந்த மெல்லிய பாசியைப் பகல் முழுவதும் கொறிக்கின்றன. பாசியில் சத்து குறைவு, எனவே இடைவிடாமல் மேய வேண்டும். நல்ல மேய்ச்சல் இடம் கிடைக்காத மீனுக்கு வயிறு ஒட்டிவிடும். இந்த ஒரே நெருக்கடியை இரண்டும் வெவ்வேறு வழியில் சமாளிக்கின்றன.

பவுடர் புளூ இந்தியப் பெருங்கடலின் மீன். இலங்கையில் கிடைத்த மீன்களைக் கொண்டு எட்வர்ட் டர்னர் பென்னெட் 1833இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். வெளிர்நீல உடல், கறுத்த முகம், வெள்ளைத் தொண்டை, மஞ்சள் முதுகுத்துடுப்பு என்று பார்த்தவர் மறக்க முடியாத மீன். அல்டாப்ரா தீவில் ராபர்ட்சன், போலுனின், லெய்ட்டன் ஆகியோர் மூன்று சர்ஜன் மீன்களை ஆராய்ந்து 1979இல் எழுதிய கட்டுரையில் இதுவும் இடம்பெறுகிறது. பாசி உள்ள பரப்பை எல்லை வகுத்துக் காப்பதே இதன் வழி. எல்லைக்குள் நுழைந்த மீனின் முன் பக்கவாட்டில் திரும்பித் துடுப்புகளை விரித்துக் காட்டும். அதற்கும் அசையாவிட்டால் துரத்தும்.

கன்விக்ட் டாங்குக்கு வெளிர்சாம்பல் உடலில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள். ஹவாயில் இதை மனினி என்பார்கள். அங்கே பழுப்பு நிறச் சர்ஜன் மீன்கள் தத்தம் மேய்ச்சல் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும். தனியாக வரும் மனினி வாய் வைப்பதற்குள் துரத்தப்படும். திரளாக வந்து இறங்கினாலோ நிலைமையே மாறிவிடும். ஒன்றைத் துரத்திப் போகும் நேரத்தில் மற்றவை மேய்ந்துவிடும். வயலில் இறங்கிய ஒற்றை மாட்டை ஒரு ஆள் விரட்டலாம், மந்தையே இறங்கினால் என்ன செய்வார்? ஜார்ஜ் பார்லோ 1974இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்தே இதுதான்: மனினியைக் கூட்டமாக்குவது பக்கத்தில் இருக்கும் வேறோர் இனத்தின் முரட்டுத்தனம்.

எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. கன்விக்டுகள் கூடுவது ஒன்றன்மேல் ஒன்றுக்கு உள்ள பாசத்தால் என்றுதான் தொட்டிக்காரர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகச் சேர்ந்து வளர்ந்தவை அல்ல. மனினியின் இளம்புழு ஏறத்தாழ இரண்டரை மாதம் நடுக்கடலில் மிதந்துவிட்டு, கண்ணாடி போன்ற உடலுடன் இரவில் கரையோரக் குட்டைகளில் வந்து சேர்கிறது என்று ஜான் ராண்டல் 1961இல் பதிவுசெய்தார். எங்கெங்கிருந்தோ வந்த மீன்கள் வளர்ந்தபின் ஒன்றுசேர்ந்து பிறர் நிலத்தில் மேய்கின்றன. அது சாதுக்களின் ஊர்வலம் அல்ல, படையெடுப்பு.

பறவைகளின் எல்லைக் காவலைப் பற்றி ஜெரம் பிரவுன் 1964இல் ஒரு விளக்கம் தந்தார். காப்பதால் வரும் லாபம் காப்பதற்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்கும்வரைதான் எந்த விலங்கும் எல்லையைக் காக்கும். ஊடுருவல் மிகுந்துவிட்டால் கைவிட்டுவிடும். மீன்களுக்கும் இது பொருந்துகிறது. பவுடர் புளூவே இதற்குச் சாட்சி. ஓரிடத்தில் எல்லைக் காவலனாக இருக்கும் அதே இனம் இன்னோரிடத்தில் பெருங்கூட்டமாகத் திரண்டு மேய்கிறது. மாலத்தீவில் முக்குளிப்பவர்கள் இந்த நீலத் திரளை நன்கு அறிவார்கள். அப்படியானால் கூட்டமும் சண்டையும் இரண்டு இனங்களின் நிரந்தரக் குணங்கள் அல்ல. பரப்பு, உணவு, எதிரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து மாறும் நடத்தைகள் அவை. எந்தப் பக்கம் எளிதில் சாய்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

இப்போது தொட்டிக்கு வருவோம். பாறைத்திட்டில் ஒரு துரத்தல் சில நொடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் துரத்தப்பட்ட மீன் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது. துரத்திய மீனும் நிம்மதியாக மேயத் திரும்பும். ஆறடித் தொட்டியில் அப்படித் தாண்டிப் போக இடமில்லை. தொட்டி முழுவதும் ஒரு பவுடர் புளூவின் எல்லைக்குள் அடங்கிவிடும். தோற்றவன் கண்ணாடியில் முட்டி நிற்கிறான். வென்றவன் கண்ணுக்கு அவன் இன்னும் எல்லைக்குள் நிற்கும் திருடன். அடி தொடர்கிறது. தோற்ற மீன் உணவுக்கு வெளியே வராது, உடல் தளரும், வெள்ளைப் புள்ளி நோய் பற்றும். அந்த நோய் பவுடர் புளூவை எளிதில் தாக்கும் என்பதால், இரண்டு பவுடர் புளூக்களைச் சாதாரண வீட்டுத் தொட்டியில் விடுவதை நான் கொடுமை என்றே சொல்வேன். அழகுக்காக அதைச் செய்யக்கூடாது.

கன்விக்டின் கதை இவ்வளவு கடுமையானதல்ல. ஐந்தாறு மீன்களை ஒரே நேரத்தில் விட்டால் சேர்ந்து நீந்தும், சேர்ந்து மேயும். இடையிடையே சிறு துரத்தல் இருக்கும், காயம் அரிது. ஆனால் இரண்டே இரண்டு வாங்கி வைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அங்கே கூட்டம் இல்லை, வலியவனும் மெலியவனும்தான் இருக்கிறார்கள்; வலியவனின் அத்தனை கோபமும் ஒரே முதுகில் இறங்குகிறது. கூட்டமாக வைப்பவர்களும் உணவில் தவறிவிடுகிறார்கள். நாளுக்கு ஒருமுறை தீனி போட்டால் கன்விக்டின் வயிறு உள்ளே போய்விடும். நோரி எனப்படும் உலர்ந்த கடற்பாசித் தாளைத் தொட்டியின் இரு முனைகளிலும் மாட்டி, பகல் முழுவதும் கொறிக்க விட வேண்டும். ஒரே இடத்தில் மாட்டினால் காக்கத் தகுந்த ஒரு புள்ளியை நாமே உண்டாக்கிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

தொட்டிக்காரர்களின் கைப்பழக்கங்கள் பலவும் பிரவுனின் கணக்கில் சரியாக விழுகின்றன. டாங்குகளை ஒன்றாக விடுவது யாரும் முதலில் எல்லை வகுக்காதிருக்க. பழைய மீன் உள்ள தொட்டியில் புதியதை விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்குவது பழையதன் அடையாளங்களை அழிக்க. துளையிட்ட பெட்டிக்குள் புதிய மீனைச் சில நாள் வைப்பதும், வெளிக்கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பதும் பழைய மீனின் சக்தியைப் பயனில்லாமல் செலவழிக்க வைப்பவை. நிழலோடு மோதும் மீன் புதியவனைக் கொஞ்சம் மறந்துவிடும். பல டாங்குகளை நெருக்கி வைத்து அமைதி காண்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழி பலிக்கும்போது நன்றாகவே பலிக்கிறது. ஆனால் அந்த அமைதி எண்ணிக்கையில் நிற்பது. ஒன்று செத்தாலோ, ஒன்று மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தாலோ துரத்தல் மறுபடி தொடங்கும். மாதக்கணக்கில் ஒற்றுமையாக இருந்த டாங்குகள் திடீரென்று கெட்டுவிட்டதாகச் சிலர் வருந்துவது இதனால்தான். மீன்கள் மாறவில்லை, காப்பது கட்டுப்படியாகும் நிலை திரும்பி வந்திருக்கிறது.

இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு வரிசைதான் முக்கியம். எட்டடி நீளத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். கன்விக்டுகள் முதலில், அனைத்தும் ஒரே நாளில். அவை தேறி, நன்றாகத் தின்னத் தொடங்கிய பிறகு, தனிமைத் தொட்டியில் நோய் பார்த்து முடித்த ஒரே ஒரு பவுடர் புளூவைக் கடைசியாக விட வேண்டும். முதல் வாரம் யார் யாரைத் துரத்துகிறார் என்பதைவிட, துரத்தப்பட்ட மீன் மறுபடி உணவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். கன்விக்டுகள் குறைந்து இரண்டாகிவிட்டால், எஞ்சிய இரண்டையும் சேர்த்தே பெரிய கூட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.