நியாயாதிக்கமும் நாடற்றோரும்

அரசுகளுக்கிடையிலான பிணக்கொன்றை விசாரிக்கும் நியாயாதிக்கம் சர்வதேச நீதிமன்றத்துக்கு உண்டா என்பதில் அதன் நீதிபதிகளே கருத்து வேறுபட்டதுண்டு. 1999 ஆகஸ்டில் தன் கடற்படை விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டமை குறித்துப் பாகிஸ்தான் இந்தியாவுக்கெதிராக வழக்கிட்டது. பொதுநலவாய நாடுகளுடனான பிணக்குகளை விலக்கி இந்தியா 1974இல் செய்திருந்த பிரகடனம் தடையாக நின்றது. 2000 ஜூன் 21இல் நீதிபதிகள் பதினால்வர் நியாயாதிக்கம் இல்லையெனத் தீர்த்தனர். அல்-கஸாவ்னே, பீர்ஸாதா ஆகிய இருவரும் உடன்பட்டிலர்.

இவ்விலக்கு மலையக மக்களின் வரலாற்றையும் தொட்டுச் செல்வதை நாம் மறத்தலாகாது. 1959ஆம் ஆண்டு இந்தியப் பிரகடனத்திலும் அது இடம்பெற்றிருந்தது. 1955இல் ஐக்கிய நாடுகள் தாபனத்தில் சேர்ந்த இலங்கையோ அத்தகைய பிரகடனம் எதனையும் செய்யவில்லை. எனவே, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் எந்நாட்டினர் என்னும் வினா, இரு அரசுகளும் மனமொத்து ஒப்படைத்தாலன்றி, அந்நீதிமன்றின் முன் செல்லுமாறில்லை. அது பேச்சுவார்த்தை மேசையில் எண்ணிக்கையாகச் சுருங்கியது. 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தோட்ட மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

இருவரின் மாறுபட்ட கருத்தே அன்று மேலோங்கியிருப்பினும் இம்மக்களுக்கு வழி பிறந்திருக்குமா? பிறந்திராது என்பதே எமது கருத்து. அந்நீதிமன்றில் அரசுகள் மட்டுமே வழக்காளிகளாக முடியும். அரசும் பொதுவாகத் தன் பிரசைகளுக்காகவே வழக்காடும். பிரசாவுரிமை இழந்தோருக்காகப் பேச எவ்வரசுக்கும் கடப்பாடில்லை. பதினால்வரும் இருவரும் வாதிட்டது, அரசுகளுக்கெனவே அமைந்த வாயில் திறந்துள்ளதா அடைத்துள்ளதா என்பது பற்றியே.

தோட்டத் தமிழர் ஒருவர் தம் பெயரிலேயே நின்று வழக்காடிய இடம் உள்நாட்டு நீதிமன்றமாகும். கோடாகன்பிள்ளையின் வாக்குரிமை வழக்கில் 1951இல் இலங்கை உயர் நீதிமன்றமும், 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவருக்கெதிராகவே தீர்ப்பளித்தன. ஆயினும் அங்கு அவர் எண்ணிக்கையல்லர், வழக்காளி.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. பதினோராண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தவில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. மறுநாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பதாண்டுகள் நிறைவுற்றன. மாண்டோர் வாழ்ந்த அறைகள் தோட்டத்துக்குரியவை, அவர்களுக்குரியவையல்ல. பிரசாவுரிமை வழங்கிய சட்டம் காணியுரிமையை வழங்கவில்லை. இவ்வுரிமை இரு நாடுகளுக்கிடையிலான பிணக்கன்று. அதனை வழங்கும் அதிகாரம் யாருக்குரியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இலங்கை அரசுக்கே உரியது.