பெயரில் தங்கிய இந்தியா: ஒரு பியர் வகையின் ஏற்றமும் மறைவும் மறுவரவும்

முன்னுரை

ஒரு பண்டம் மக்களிடையே பெருவரவேற்புப் பெறும்போது, அதன் சுவையே அதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. வணிக வரலாற்றை ஆராய்வோர்க்கு அவ்விடை போதுமானதன்று. ஒரே காலத்தில் ஒரே சந்தையில் கிடைக்கும் பல வகைகளுள் ஒன்று மட்டும் ஓங்கி நிற்பதும், வேறு சில அடியோடு மறைவதும் ஏன் என்னும் வினா அப்போதும் எஞ்சி நிற்கும்.

இக்கட்டுரை அவ்வினாவைப் பியர் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்கிறது. சிறு ஆலைகள் குறைந்த அளவில் காய்ச்சி விற்கும் கைவினைப் பியர், 1970களின் பிற்பகுதி முதல் அமெரிக்காவில் வளர்ந்து, பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. அதன் பல்வேறு வகைகளுள் தனியிடம் பெற்றது 'இந்தியா பேல் ஏல்' என்பதாகும். சுருக்கமாக ஐ.பி.ஏ. எனப்படும் இது, வெளிர் நிறமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மணமும் கொண்டது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய இப்பண்டம் இந்தியாவில் தோன்றியதன்று. இந்தியர்க்காகக் காய்ச்சப்பட்டதும் அன்று. அப்பெயர் எவ்வாறு வந்தது, ஏன் நிலைத்தது என்பனவற்றை அறிந்தால், ஒரு வகை செல்வாக்குப் பெறும் முறையும் விளங்கும்.

வழக்கிலுள்ள கதையும் அதன் குறைகளும்

ஐ.பி.ஏ.யின் தோற்றம் பற்றிப் பரவலாக வழங்கும் கதை ஒன்று உண்டு. இந்தியாவுக்குச் செல்லும் கடற்பயணத்தில் சாதாரண பியர் கெட்டுப்போயிற்று என்றும், அதனைத் தடுக்க இலண்டனைச் சேர்ந்த ஹாட்ஜ்சன் என்பார் ஹாப்ஸும் சாராயச் சத்தும் மிகுந்த புதிய பியரைக் கண்டுபிடித்தார் என்றும் அக்கதை கூறுகிறது.

இக்கதை சான்றுகளோடு பொருந்தவில்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹாப்ஸைக் கூட்டிச் சேர்க்கவேண்டும் என்னும் அறிவுரை 1760களிலேயே தயாரிப்பாளர்களிடையே வழங்கியது. போர்ட்டர் எனப்படும் கரும்பழுப்புப் பியரும் அதே கப்பல்களில், அதே கடல்வழியில் இந்தியாவை நல்ல நிலையில் சென்றடைந்தது. அளவிலும் அதுவே மிகுதி. மேலும், 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்னும் பெயர் அச்சில் தென்படுவது 1829இல்தான். அதுவும் சிட்னி நகரச் செய்தித்தாள் விளம்பரம் ஒன்றில். ஹாட்ஜ்சன் ஆலை வெளிர்நிற ஏலை அனுப்பத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே இப்பெயர் வழக்கிற்கு வந்தது. ஆகவே, இதனை ஒருவரின் கண்டுபிடிப்பு என்பதைவிட, முன்பே இருந்த ஒரு பியர் புதியதொரு சந்தையில் பெற்ற பெயர் என்பதே பொருந்தும்.

கப்பலும் கடனும் வரியும்

அவ்வாறாயின் ஹாட்ஜ்சனின் பியர் மட்டும் இந்தியச் சந்தையைக் கைப்பற்றியது ஏன்? முதற்காரணம் இருப்பிடம். கிழக்கு இலண்டனில் போ என்னும் பகுதியில் அவர்தம் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிடும் பிளாக்வால் அதற்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் சரக்கேற்றி விற்கக் கம்பெனி இடமளித்திருந்தது. இந்தியாவை நோக்கிச் செல்லும் கப்பல்களில் சரக்கு குறைவாக இருந்தமையால் ஏற்றுகூலியும் குறைவு. இத்தலைவர்களுக்கு ஹாட்ஜ்சன் ஆலை 18 மாதம் வரை கடன் கொடுத்தது. அவர்கள் பியரை விற்றுத் திரும்பிவந்து பணம் செலுத்தினால் போதும். சுவைக்கு முன்னரே இந்தக் கடன்முறை சந்தையைத் திறந்துவிட்டது எனலாம்.

1820களின் தொடக்கத்தில் ஆலையின் அடுத்த தலைமுறையினர் கடன் வசதியைச் சுருக்கி, விலையை உயர்த்தி, தாமே நேரடியாக ஏற்றுமதி செய்ய முற்பட்டனர். இதனால் கப்பல் தலைவர்களும் கம்பெனியினரும் அதிருப்தியுற்றனர். அதே காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பர்ட்டன் நகர ஆலைகள் வேறொரு நெருக்கடியில் இருந்தன. அவற்றின் பழைய சந்தையான ரஷ்யா, 1822இல் இறக்குமதி வரியைக் கடுமையாக உயர்த்தியது. கம்பெனி இயக்குநர் கேம்பல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பிடம் இந்தியச் சந்தைக்கு உகந்த பியரைக் காய்ச்சுமாறு கூறினார். ஆல்சாப்பின் பியர் 1823இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பாஸ் ஆலையும் பின்தொடர்ந்தது. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீர் ஹாப்ஸின் கசப்பைத் துலக்கிக் காட்டி, தெளிந்த வெளிர் பியர் காய்ச்சப் பெரிதும் உகந்ததாயிற்று. எனினும், அந்நீர் பல நூற்றாண்டுகளாக அங்கேயே இருந்தது. ரஷ்யாவின் வரியும் ஹாட்ஜ்சனின் பேராசையும் சேர்ந்தபோதுதான் அதற்கு வணிகப் பயன் கிடைத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அருந்தியோரும் பணிபுரிந்தோரும்

இந்தியாவில் வெளிர்நிற ஏலை அருந்தியோர் பெரும்பாலும் கம்பெனி அலுவலரும் படை அதிகாரிகளும் வணிகருமே. சாதாரணப் படைவீரர்க்குப் பெரிதும் கிடைத்தது போர்ட்டர். எனவே இவ்வகை தொடக்கத்திலிருந்தே தகுதிநிலையின் அடையாளமாக விளங்கியது. இந்தியர்க்கு இதில் இருந்த பங்கு வேறு. மரப்பீப்பாய்களைக் கரைசேர்த்தோரும் சுமந்தோரும் அவர்களே. 'ஆப்தார்' எனப்படும் பணியாள், வெடியுப்புக் கரைத்த நீரில் குப்பிகளைச் சுழற்றிக் குளிர்வித்துத் தந்தார். பனிக்கட்டி எளிதில் கிட்டாத காலத்தில், வெயில் நாட்டில் கசப்புப் பியரை இன்பமாக அருந்தச் செய்தது அவ்வுழைப்பே. வழக்கிலுள்ள கதையில் அவருக்கு இடமில்லை.

இப்பியர் பிரிட்டனுக்குள்ளும் செல்வாக்குப் பெற்றதற்குப் புறக்காரணங்கள் பல துணைநின்றன. 1839இல் பர்ட்டனுக்கு இருப்புப்பாதை வந்தது. 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது; கண்ணாடிக் குவளைகள் மலிந்தபோது, தெளிந்த பொன்னிறப் பியரின் தோற்றமே அதன் விளம்பரமாயிற்று. 1876இல் பிரிட்டனின் முதல் பதிவுபெற்ற வணிகச் சின்னமாக பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம் பதியப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவ்வாலை உலகின் மிகப் பெரிய பியர் ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது.

மறைவு

இவ்வெற்றியும் நிலைக்கவில்லை. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் குரோல் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். லாகர் குளிர்ந்த நிலையில் பல வாரங்கள் நொதித்து முதிரவேண்டியது. 1870களில் குளிரூட்டும் இயந்திரங்கள் வந்தபின், எந்தத் தட்பவெப்பத்திலும் அதனைப் பெருமளவில் காய்ச்ச முடிந்தது. பிரிட்டனில் முதல் உலகப்போர்க்கால வரிகளும் தானியக் கட்டுப்பாடுகளும் பியரின் வலிமையைக் குறைத்தன, பழைய ஐ.பி.ஏ. பெயரளவில் மட்டுமே நின்றது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கு, சிறு ஆலைகளை அழித்தது.

நம் வட்டாரத்திலும் லாகரே வேரூன்றியது. சிங்கப்பூரில் 1931இல் மலாயன் புரூவரீஸ் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் அது வெளியிட்ட டைகர் பியர் வெளிர்நிற லாகர் ஆகும். இந்தியாவிலும் பிற்காலத்தில் லாகரே சந்தையை ஆட்கொண்டது. பெயரில் இந்தியாவைத் தாங்கிய பியர் இந்தியாவில் அரிதாயிற்று.

மறுவரவும் அதன் காரணங்களும்

ஐ.பி.ஏ.யின் மறுவரவு அமெரிக்க மேற்குக் கரையில் தொடங்கியது. 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக், சான்ஃபிரான்சிஸ்கோவில் நலிந்திருந்த ஆங்கர் ஆலையில் பெரும்பங்கை வாங்கினார். ஆரஞ்சு, கிரேப்ஃபுரூட் மணம் தரும் கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை 1970களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்டது. 1975இல் ஆங்கர் ஆலை அதனைக் கொண்டு லிபர்ட்டி ஏலைக் காய்ச்சியது. வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் 1978இல் கையொப்பமிட்டார். 1980இல் சியரா நெவாடா ஆலை தன் பேல் ஏலைக் காய்ச்சத் தொடங்கியது. 1980களில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் பெர்ட் கிராண்ட், ஐ.பி.ஏ. என்னும் பெயரிலேயே பியரை விற்றார். யாக்கிமா அமெரிக்க ஹாப்ஸ் விளைச்சலின் மையம் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வகை பிறவற்றை முந்தியதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, முதலீடு. ஏல் சற்று வெப்பமான நிலையில் இரண்டு மூன்று வாரங்களில் முடியும். லாகருக்கு அதனினும் நீண்ட காலமும் கூடுதலான தொட்டிகளும் குளிரூட்டும் செலவும் தேவை. கையில் பணம் குறைந்த சிற்றாலைக்கு ஏலே ஏற்றது.

இரண்டாவது, வேறுபாடு. பேராலைகளின் லாகர் மென்மையானது. ஒரு வாய் அருந்தியவுடனே வேறென உணர்த்தும் பியரே புதிய ஆலைக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது, மதிப்பீட்டு முறை. மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1977இல் வெளியிட்ட உலகப் பியர் வழிகாட்டி நூல், பியரை வகைவாரியாக நோக்கும் பழக்கத்தைப் பரப்பியது. போட்டிகளும் அவ்வாறே வகைபிரித்தன. நடுவர் பல பியர்களைச் சிறு மிடறுகளாகச் சுவைக்கும்போது மணமும் கசப்பும் மிகுந்தவை எளிதில் முன்னிற்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் மிகுதியாக அருந்தப்பட்ட 'மைல்ட்' என்னும் வலிமை குறைந்த பியர் இங்கு ஒளிபெறவில்லை. அது மாலை முழுதும் உரையாடியவாறு அருந்துவதற்கு உரியது. ஒரு மிடற்றில் மதிப்பெண் பெறுவதற்கு உரியதன்று.

நான்காவது, புதுப்பிக்கும் தன்மை. போர்ட்டரும் விரைவில் காய்ச்சத்தக்க ஏலே. ஆயினும் அதன் சுவை வறுத்த தானியத்தைச் சார்ந்தது. ஐ.பி.ஏ.யோ ஹாப்ஸைச் சார்ந்தது. 2000இல் சிம்கோ, 2012இல் மொசைக் எனப் புதிய ஹாப்ஸ் வகைகள் வரும்தோறும் பழைய பெயரிலேயே புதிய பண்டத்தை விற்க முடிந்தது. பின்னர் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து பரவிய கலங்கலான வகை, கசப்பைக் குறைத்துப் பழமணத்தைக் கூட்டியது. அமெரிக்கச் சிற்றாலையினர் சங்கம் 2018இல் அதனைத் தனி வகையாக ஏற்றது. கருநிற ஐ.பி.ஏ.யும் உண்டு. வெளிர்நிறமும் இன்றி, கசப்பும் இன்றி, பெயர் மட்டும் நிலைபெற்றது.

வகையின் வெற்றி அதனைத் தொடங்கிய ஆலையின் வெற்றியாக அமைவதில்லை. மறுவரவுக்கு வழிவகுத்த ஆங்கர் ஆலை 2023இல் மூடப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒரு பியர் வகையின் செல்வாக்கு கடன், ஏற்றுகூலி, வரி, நீர், இயந்திரம், மதிப்பீட்டு முறை ஆகியவற்றின் கூட்டால் அமைகிறது என்பது தெளிவாகும். சுவை அக்கூட்டினுள் ஓர் உறுப்பு. சுவையுணர்வும் அச்சூழலில் பயின்று உருவாவதே.

இந்தியவியல் மாணவர்க்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. காலிக்கோ துணி கோழிக்கோட்டின் பெயரையும், மெட்ராஸ் கட்டத்துணி சென்னையின் பெயரையும் தாங்குகின்றன. அவை ஆக்கிய இடத்தையோ ஏற்றிய துறைமுகத்தையோ சுட்டும் பெயர்கள். 'இந்தியா பேல் ஏல்' என்பதில் உள்ள இந்தியா, ஆங்கிலேயர் சென்று குடியமர்ந்து அருந்திய சந்தையைச் சுட்டுகிறது. இரண்டையும் ஒரே நிலையில் வைத்து, 'இந்தியா உலகுக்குத் தந்த கொடை' என்று பெருமை பேசுவது பிழை. இன்று பெங்களூரு போன்ற நகரங்களின் சிற்றாலைகளில் ஐ.பி.ஏ. மீண்டும் காய்ச்சப்படுகிறது, ஆயினும் அது அங்கு வந்து சேர்ந்தது அமெரிக்காவின் வழியாகவே. வகுப்பறையில் வணிக வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஒரு பண்டத்தின் பெயரைக் கண்டவுடன் அதனை ஆக்கியவர் யார், சுமந்தவர் யார், துய்த்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் எழுப்பப் பயிற்றுதல் நலம்.