கொல்லிமலையின் பிராண்ட் பாட்டி

ராசிபுரம் பக்கத்து ஆட்களிடம் கொல்லிமலைன்னு சொன்னா வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர், 70 கொண்டை ஊசி வளைவு, இவ்வளவுதான் முதலில் வரும். ஈவ்லின் பிராண்ட் என்ற பெயர் வராது. அவர் மகன் டாக்டர் பால் பிராண்டைச் சிலருக்குத் தெரியும். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர், சின்ன வயதில் இந்த மலையில் ஓடியாடியவர். ஆனால் எனக்கு அம்மாவின் கதைதான் பெரிசாத் தெரியுது.

1879இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், நன்றாக ஓவியம் வரைவார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டைச் சேந்தமங்கலத்தில் மணந்துகொண்டு மலையேறினார். அப்போ ரோடு ஏது? நடை, இல்லாட்டி டோலி.

மதம் பரப்பத்தானே வந்தாங்கன்னு கேட்பீங்க. ஆமா, அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் பல வருஷம் ஒருவர்கூடச் சேரவில்லை. மருந்து கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. அங்கே பெரிய தொல்லை நரம்புச் சிலந்தி. புழு வெளிவரும் காலோடு நீர்நிலையில் இறங்கினால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும், குடிப்பவர் உடம்பில் அடுத்த வருஷம் புழுவாகும். கால் படாதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பினாலே போதும். அதைத்தான் ஜெஸ்ஸி ஊர் ஊராகச் சொன்னார். (இந்தியாவில் இந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல்!) முதல் உலகப் போரை ஒட்டி விஷக்காய்ச்சல் பரவியபோது இருவரும் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போனார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி, சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை இவர்களிடம்தான் ஒப்படைத்தார்.

1929இல் ஜெஸ்ஸி மலேரியா முற்றி மலையிலேயே இறந்தார். படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டிருந்த பால், 1923க்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவே இல்லை. இந்த விலையை எண்ணும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

பிற்பாடு ஈவ்லின் வேலை பார்த்ததெல்லாம் மிஷன் அனுப்பிய சமவெளியில். எழுபதை நெருங்கியபோது, வயசாயிடுச்சு, போதும் என்றது மிஷன். மாற்கு சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் இரண்டு சீடர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்பார்கள். பெரியவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாகட்டும் என்பது இயேசுவின் பதில். பிரசங்கத்தில் இதைச் சொல்வது சுலபம். பதவியும் போய், வயசும் போன பிறகு ஊழியக்காரியாவது எப்படி? அவர் மிஷனை விட்டு விலகி, சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே திரும்பினார். பிறகு பக்கத்து மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் போவார், விழுவார், எலும்பு முறியும். குணமானதும் மறுபடி கிளம்புவார், கடைசிக் காலத்தில் இரண்டு கையிலும் மூங்கில் கம்பு ஊன்றி. தொண்ணூறு தாண்டியும் இதே கதைதான். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் மகன்.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். உடலை மலைக்குக் கொண்டுபோய், ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.