கூப்பிடு தூரம்

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தேயிலைத் தோட்டத்தில் கேட்டால், “கூப்பிடு தூரந்தான்” என்பார்கள். அடியும் மைலும் அதில் கிடையாது. கூப்பிட வேண்டும், மறுகுரல் கேட்க வேண்டும். நடுவில் ஒரு மலை நின்றால், கிட்ட இருந்தாலும் அது கூப்பிடு தூரம் ஆகாது. இந்த அளவையைப் பெட்டிக்குள் அடைத்தால் விமானத்தின் தூரமானி. விமானிகள் டி.எம்.இ. என்பார்கள்.

போர் பெற்ற பிள்ளை அது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் ‘யுரேக்கா’ என்ற சிறு கருவியை எதிரியின் நிலத்தில் ஒளித்து வைத்தார்கள். விமானத்திலிருந்து ‘ரெபேக்கா’ என்ற கருவி கூப்பிடும், யுரேக்கா பதில் சொல்லும். பரசூட்டில் ஆட்களையும் ஆயுதங்களையும் எங்கே இறக்குவது என்று இருட்டிலும் தெரிந்தது அப்படித்தான். 1944இல் ரேடார் விஞ்ஞானி எட்வர்ட் போவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மேக்னட்ரான் என்ற ரேடார் கருவியை 1940இல் இரகசியமாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோன குழுவில் இருந்தவர் இவர். அவுஸ்திரேலியாவில் அவருடைய மேற்பார்வையில் ஜேம்ஸ் ஜெராண்ட் உருவாக்கிய தூரமானி, 1950களின் தொடக்கத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்நாட்டு வானில் வேலைக்கு வந்தது. உலகம் முழுவதற்கும் பொதுவான வடிவம் வந்தபோது, அது 1000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசைக்கு மாறியது. இன்று சின்ன செஸ்னா விமானத்திலும் ஒரு புத்தகத்தின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

விமானம் இரட்டைத் துடிப்பாகக் குரல் கொடுக்கும். தரை நிலையம் கேட்டு, 50 மைக்ரோசெக்கன் பொறுத்து, வேறு அலைவரிசையில் பதில் அனுப்பும். போய்வந்த நேரத்திலிருந்து அந்த 50ஐக் கழித்து, ஒரு கடல் மைலுக்கு 12.36 மைக்ரோசெக்கன் என்று வகுத்தால் தூரம். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 100 விமானங்கள் ஒரு நிலையத்தைக் கூப்பிடலாம். தன் பதில் எது என்று ஒரு விமானத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றும் சீரற்ற தாளத்தில் கூப்பிடுகிறது. அந்தத் தாளத்தோடு ஒத்துவரும் பதிலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மலைச்சரிவில் பத்துப் பெண்கள் கூப்பிட்டாலும் தன் தாயின் குரலுக்கு மட்டும் திரும்பும் பிள்ளையைப் போல.

சின்ன விமானத்தில் இதை இயக்குவது எளிது, ஏமாறுவதும் எளிது. திசை காட்டும் வி.ஓ.ஆர். நிலையத்தின் அலைவரிசையை வைத்தால் தூரமானி தானே அதன் ஜோடியைப் பிடித்துக்கொள்ளும். மோர்ஸ் ஒலியில் நிலையத்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ‘ஹோல்ட்’ என்று ஒரு விசை உண்டு. அதில் வைத்துவிட்டு மறந்தால், திசை புது நிலையத்தையும் தூரம் பழைய நிலையத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். அது காட்டுவது சாய்வுத் தூரம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிலையத்துக்கு நேர் மேலே 6,000 அடியில் பறந்தாலும் ஏறத்தாழ ஒரு மைல் என்றே சொல்லும். பொய் இல்லை, ஆனால் எதை அளந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தூரத்தைத் தப்பாக நினைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மலைகள் 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பார்த்தன. சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகர்களோடும் 9 சிப்பந்திகளோடும் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டி.சி.8 விமானம். இரவு பத்து மணியளவில், கட்டுநாயக்கவுக்குக் கிழக்கே 14 மைலில் இருப்பதாக அறிவித்தது. 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. விமான நிலையம் தெரிந்தாலோ, அங்குள்ள வானொலி வழிகாட்டிக்கு மேலே வந்தாலோ சொல்லும்படி தரைக் கட்டுப்பாட்டாளர்கள் கேட்டார்கள். அந்த வகை வழிகாட்டி திசையைத்தான் காட்டும், தூரம் சொல்லாது. விமானம் இருந்ததோ ஏறத்தாழ 40 கடல் மைல் தள்ளி. மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னி மலைத்தொடரில் சுமார் 4,355 அடி உயரத்தில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியதில் தவறான பொருள் கொள்ள இடம் இருந்தது என்பது விசாரணையின் கருத்து. டொப்ளர் தன் வேகத்தையும் காற்று தள்ளுவதையும் அளந்து, கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இருட்டில் காலடியை எண்ணி நடப்பது மாதிரி. ஒரு அடி பிசகினால் அது கடைசிவரை கூடவே வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் பதில் சொல்வதில்லை. 14க்கும் 40க்கும் இடையே 26 மைல். தூரமானியின் கணக்கில் அது 321 மைக்ரோசெக்கன், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பிதுருதலாகலையின் உச்சியில் இன்று இருக்கும் ரேடார் தூரமானியின் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது: தரை கூப்பிடுகிறது, விமானம் பதில் சொல்கிறது. நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் பயிரிடுகிறவர்கள் அதை அண்ணாந்து பார்ப்பது, அநேகமாக மழை வருமா என்றுதான்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை பூட்டிய செஸ்னா கரவான் வந்து இறங்குவதுண்டு. பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கிற விமானம். தேயிலை மலைகளுக்கு நடுவே அது தாழ்ந்து வரும் நேரத்தில் தூரமானி கட்டுநாயக்கவைக் கூப்பிட்டாலும் மேட்டு நிலம் மறித்துவிடும். கண்ணாடித் திரையில் எண் போய்ச் சிறு கோடுகள் வரும். கீழே லயத்து வாசலில் பிள்ளைகள் கையை ஆட்டிக் கத்துவார்கள், இயந்திர இரைச்சலில் அதுவும் மேலே கேட்காது.