பெய்த் சாஹூரின் வரிமறுப்பு: வென்றது எது, இழந்தது எது?

பாலஸ்தீனர்கள் ஏன் அறவழியில் போராடவில்லை என்று அவ்வப்போது கேட்கப்படுகிறது. போராடினார்கள் என்பதே வரலாறு. எனவே கேட்கப்பட வேண்டியது, அப்போராட்டங்களின் பயன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே. பெத்லஹேமுக்குக் கிழக்கே உள்ள பெய்த் சாஹூர் என்னும் சிற்றூர் இதற்குத் தெளிவான விடை தருகிறது.

1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இந்திஃபாதாவில் கல்லெறிதல் இருந்தது. ஆயினும் அதன் முதுகெலும்பு கடையடைப்பு, பொருள் புறக்கணிப்பு, வரிமறுப்பு ஆகியவையே. கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பெய்த் சாஹூர் வரிமறுப்பை இறுதிவரை கைக்கொண்டது. தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்தாத ஓர் இராணுவ ஆட்சிக்கு, தம் நலனுக்குச் செலவிடப்படாத வரியை ஏன் செலுத்த வேண்டும் என்பதே அவ்வூர் மக்களின் வாதம். 1988 ஜூலையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தம் அடையாள அட்டைகளைத் திருப்பி ஒப்படைத்தனர். வீட்டுத் தோட்டங்கள் பெருகின. இஸ்ரேலியப் பாலை வாங்காதிருக்க ஊரார் 18 பசுக்களை வாங்கிப் பண்ணை அமைத்தபோது, இராணுவம் அப்பசுக்களையே பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று கருதித் தேடியது.

அரசு இவ்வகை எதிர்ப்பை எவ்வளவு பொருட்படுத்தியது என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. ஜெருசலேமில் அறவழிப் போராட்ட ஆய்வு மையத்தை நிறுவிய முபாரக் அவத் 1988 ஜூனில் நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் குழுக்கள் தடை செய்யப்பட்டன. 1989 செப்டம்பரில் பெய்த் சாஹூர் முற்றுகையிடப்பட்டது. தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வெளிநாட்டுத் தூதர்கள் ஊருக்குள் நுழையாமல் தடுக்கப்பட்டனர். வரிப்பாக்கிக்கு ஈடாகக் கடைச்சரக்கு, பட்டறை இயந்திரங்கள், வீட்டுச் சாமான்கள் ஆகியவை வண்டி வண்டியாகப் பறிமுதல் செய்யப்பட்டன. ஆறு வாரங்களுக்குப் பின் முற்றுகை விலக்கப்பட்டபோதும் ஊர் பணியவில்லை. 1989 நவம்பர் 7 அன்று, இந்நடவடிக்கைகளைக் கண்டித்துப் பாதுகாப்பு அவையில் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவின் ஒற்றை வீட்டோ அதை வீழ்த்தியது.

இந்திஃபாதா பயனற்றுப் போகவில்லை. 1988 ஜூலையில் ஜோர்டான் மன்னர் ஹுசைன் மேற்குக் கரை மீதான உரிமைகோரலைக் கைவிட்டார். டிசம்பரில் அமெரிக்கா பாலஸ்தீன விடுதலை இயக்கத்துடன் பேச முன்வந்தது. 1991இல் மாட்ரிட் மாநாடு கூடியது. ஆக்கிரமிப்பைச் செலவின்றி நெடுங்காலம் நடத்தலாம் என்ற நம்பிக்கை உடைந்தது.

ஆனால் பேச்சுவார்த்தையில் நிலை மாறியது. வளைகுடாப் போரில் எடுத்த நிலைப்பாட்டால் நிதியும் நட்பும் இழந்து துனிஸில் நலிந்திருந்தது இயக்கத் தலைமை. ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்ந்தோரின் சார்பில் வாஷிங்டனில் பேசிய ஹைதர் அப்துல் ஷாஃபி, குடியேற்றங்களை நிறுத்துவதை முன்நிபந்தனையாக வலியுறுத்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமலேயே ஆஸ்லோவில் 1993ஆம் ஆண்டு உடன்பாடு உருவானது. குடியேற்றங்களை நிறுத்தும் கடப்பாடு அதில் இல்லை.

1994 ஏப்ரலில் கையெழுத்தான பாரிஸ் பொருளாதார நெறிமுறை, பெய்த் சாஹூர் எழுப்பிய கேள்விக்கே விடையளித்தது எனலாம். அந்த விடை ஊரார் கேட்டதற்கு நேர்மாறானது. பாலஸ்தீனப் பகுதிகளுக்கான இறக்குமதி வரியை இஸ்ரேலே வசூலித்து, பின்னர் பாலஸ்தீன ஆணையத்திடம் ஒப்படைக்கும் என அது வகுத்தது. தேர்தலில் வென்ற ஹமாஸ் 2006இல் ஆட்சி அமைத்தபோது உட்பட, அத்தொகை பலமுறை நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் தரமறுத்த வரி, இப்போது அவர்களுடைய நிர்வாகத்தையே கட்டுப்படுத்தும் கருவியாயிற்று. 1997இல் பெய்த் சாஹூரை அடுத்துள்ள ஜபல் அபூ குனைம் குன்றில் ஹர் ஹோமா குடியேற்றத்தின் கட்டுமானமும் தொடங்கியது.

ஆதலால் அறப்போராட்டம் வென்றதா தோற்றதா என்னும் ஒற்றைக் கேள்வி போதாது. ஆட்சியைத் திணறச் செய்வதில் அது வென்றது. அந்த வெற்றியை ஒப்பந்த வாசகமாக மாற்றும் அதிகாரம் மட்டும் முற்றுகையைத் தாங்கியவர்களின் கைக்கு வரவேயில்லை.